பெயர் ஒன்று, ஆள் இரண்டு

பழைய மொய் நோட்டு ஒன்றை விரித்தால் ஒரு குடும்பத்தின் உறவு முழுவதும் அதில் வரிசைப்பட்டுக் கிடக்கும். முதல் பக்கத்து மூலையில் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழ் விசேஷத்தின் பெயர், தமிழ் வருஷம், மாதம், தேதி. தாய்மாமன் செய்தது முதல் வரி. பிறகு பங்காளிகள், சம்பந்தக்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். ஒவ்வொரு வரியிலும் ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம் என்பதால் எழுதுகிறவர் ஆளை மாற்றி எழுதிவிட முடியாது. ஒரே தெருவில் இரண்டு சுப்பையா இருந்தால் ஒருவருக்குக் 'கடைக்காரர்' என்றும் மற்றவருக்கு 'மேலவீட்டு' என்றும் அடைமொழி போட்டுத்தான் ஆகவேண்டும். பெருமைக்காக எழுதி அச்சடித்த வம்ச வரலாறுகளைவிட, கணக்குக்காக எழுதிய இந்த நோட்டுகளை நான் அதிகம் நம்புகிறேன். அவற்றை எழுதியவர்களுக்கு ஆளை ஆளிலிருந்து பிரித்துக் காட்டவேண்டிய கட்டாயம் இருந்தது.

குடும்பத்தின் பழங்கதையைத் தேடப் புறப்பட்டவர்களுக்குத் தேவைப்படுவதும் இந்தப் பிரித்தறிதல்தான். தேடத் தொடங்கிய சில மாதங்களில் வீட்டில் தாள் குவிந்துவிடும். கிரையப் பத்திர நகல்கள், எழுத்து மங்கிய ஜாதகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், பதினாறாம் நாள் பத்திரிகைகள், கைப்பேசியில் பெரியம்மா பேசிய ஒலிப்பதிவு, யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படம். ஒழுங்குபடுத்த உட்காருகிறோம். ஆளுக்கொரு உறை போட்டு, தாத்தா தாளைத் தாத்தா உறையிலும் பூட்டன் தாளைப் பூட்டன் உறையிலும் வைக்கிறோம். பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் ஒரு தாளைப் பூட்டன் உறையில் போடும்போதே அந்தத் தாளில் இருப்பவர் பூட்டன்தான் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆராய்ந்து கடைசியில் எட்டவேண்டிய முடிவை அடுக்கும் வேலையின் தொடக்கத்திலேயே எடுத்துவிடுகிறோம்.

நம் பெயர் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று புரியும். தாத்தா பெயர் பேரனுக்கு. ஒருவருக்கு நான்கு மகன்கள் என்றால் நான்கு வீட்டிலும் மூத்த பேரனுக்கு அதே பெயர் இருக்கும். நால்வருக்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது ஒரு தலைப்பெழுத்து. முத்தையா மகன் சுப்பையா, சுப்பையா மகன் முத்தையா, மறுபடியும் முத்தையா மகன் சுப்பையா என்று வரும் வழியில் தாத்தாவும் 'மு. சுப்பையா', பேரனும் 'மு. சுப்பையா'. 1912இல் ஒரு மு. சுப்பையா நிலம் வாங்குகிறார், 1965இல் ஒரு மு. சுப்பையா விற்கிறார். ஊர் ஒன்று, சர்வே எண் ஒன்று, பெயரும் எழுத்தும் ஒன்று. இருவரையும் ஒருவராக்கிவிட்டால் நடுவில் இருந்த முத்தையாவும் அவர் மனைவியும் அவர்கள் பிள்ளைகளும் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போவார்கள். கொடிவழி அறுந்ததுகூட யாருக்கும் தெரியாது.

அதனால் தாளை வந்தபடியே வைக்கவேண்டும் என்பது என் கட்சி. பெரியப்பா வீட்டுத் தகரப்பெட்டியிலிருந்து வந்தவை ஒரே கட்டாக, இருந்த வரிசை கலையாமல் இருக்கட்டும். மொய் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த தீர்வை ரசீதை எடுத்து 'ரசீதுகள்' என்ற உறையில் போட்டால், அந்த நோட்டும் அந்த ரசீதும் ஒரே கையில் புழங்கின என்ற செய்தி அழிந்துபோகும். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் உட்பட எல்லாக் காப்பகங்களும் கடைப்பிடிக்கிற முறை இது. எந்த அலுவலகத்தில் பிறந்த தாளோ அந்த அலுவலகத்தின் வரிசையிலேயே அது இருக்கும், பொருள்வாரியாகப் பிரிப்பதில்லை. வீட்டிலும் அப்படியே செய்யலாம். ஒவ்வொரு தாளுக்கும் வந்த வரிசையில் ஒரு எண். ஒரு தனி நோட்டில் அந்த எண், யார் கொடுத்தது, என்று வந்தது, எதோடு சேர்ந்து இருந்தது. ஆளுக்கென்று ஒரு பக்கம் வேறொரு நோட்டில் இருக்கும். அதில் தாள்கள் இருக்காது, எண்கள் மட்டும் இருக்கும். 12ஆம் எண் பத்திரம் பூட்டனுடையது இல்லை என்று நாளைக்குத் தெரிந்தால் ஒரு எண்ணை அடித்தால் போதும். பெட்டி கலையாது.

அந்த ஆள் பக்கத்தில் எழுதும்போது மூன்றைக் கலக்கக் கூடாது: தாளில் இருப்பது, வாயால் கேட்டது, நாமாக ஊகிப்பது. சொன்னவர் பெயரும் சொன்ன நாளும் இல்லாமல் ஒரு வாய்மொழிச் செய்தியும் நோட்டில் ஏறக்கூடாது. வயதான பெண்களிடம் பிறந்த வருஷம் கேட்டால் எண் வராது. "அது ஆருக்கு ஞாவகம் இருக்கு? காந்தியைச் சுட்ட சேதி வந்த மாசந்தான் எங்க அக்காளுக்குக் கல்யாணம். நான் பாவாடை கட்டிக்கிட்டு வாழைமரத்தைப் புடிச்சிட்டு நின்னேன்" என்பார்கள். இந்தப் பேச்சு பொன்னானது. கல்யாணம் 1948 ஜனவரி கடைசியை ஒட்டி. பேசியவருக்கு அப்போது ஆறிலிருந்து பத்து வயது இருக்கலாம். அவர் பிறந்தது 1938க்கும் 1942க்கும் இடையில் என்று எழுதி, அவர் சொன்னதைச் சொன்னபடியே பக்கத்தில் வைத்தால் அது நேர்மையான பதிவு. 1940 என்று நடுவில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்க்கிற பேத்தி அதை ஏதோ சான்றிதழில் இருந்த ஆண்டு என்று நினைத்துக்கொள்வாள். சான்றிதழில் இருக்கும் தேதியைத்தான் முழுக்க நம்பமுடியுமா? பள்ளியில் சேர்க்கும்போது தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் ஒரு தேதி போட்ட தலைமுறை அது.

இறந்த நாளின் கதை நேர்மாறு. திதி கொடுக்கிற வீடுகளில் மாதமும் பிறையும் திதியும் மாறாமல் நிற்கும். ஆவணி தேய்பிறைப் பஞ்சமி என்று எழுபது வருஷம் கழித்தும் சொல்வார்கள். எந்த வருஷம் என்பது மட்டும் நழுவிப்போயிருக்கும். வருஷா வருஷம் செய்வதற்கு அந்த எண் தேவைப்படவில்லை.

வருஷம் என்றதும் திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பத்திரம் ஒன்றின் முதல் வரி எனக்குக் கண்ணில் நிற்கிறது. கொல்லம் 1087, பரிதாபி வருஷம், ஆடி மாதம். அதே நிலத்தின் தீர்வை ரசீதில் பசலி 1322. மூன்று கணக்கு, மூன்று வேறு தொடக்கம். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. பசலி ஜூலை முதல் தேதி. நெல்லைப் பக்கத்துக் கொல்லம் ஆண்டு ஆவணியில். ஆடி மாதம் என்பதால் கொல்லம் 1087 முடியப்போகிறது, பசலி 1322 இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மூன்றையும் வைத்துப் பார்த்தால் 1912 ஜூலை பாதிக்கும் ஆகஸ்ட் பாதிக்கும் இடைப்பட்ட காலம் என்று ஒன்றுபோலக் கூடி வருகிறது. இதே கொல்லம் 1087இல் கார்த்திகை மாதம் எழுதிய பத்திரமாக இருந்தால் ஆண்டு 1911. கொல்லத்தோடு 825ஐக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுகிறவர்கள் ஆவணி முதல் மார்கழி பாதி வரைக்கும் ஒரு வருஷம் தவறிவிடுவார்கள். அந்த மாதங்களுக்கு 824தான் கூட்டவேண்டும். எனவே நோட்டில் மூலத்தில் உள்ள ஆண்டை அப்படியே எழுதி, மாற்றிய ஆங்கில ஆண்டை அதற்குப் பக்கத்தில் எழுதவேண்டும். மூலத்தை அழித்துவிட்டால் திரும்பச் சரிபார்க்க வழி இல்லை.

தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கும் ஜாதகம் இன்னும் சிக்கல். அறுபது வருஷத்துக்கொரு தரம் பெயர் திரும்பி வரும். தாது என்றால் பெரும்பஞ்சம் தொடங்கிய 1876ஆ, 1936ஆ? கட்டத்தைப் பார்த்துச் சொல்லலாமே என்று சனியையும் குருவையும் பார்த்தால் இருவரும் கைவிடுவார்கள். அறுபது வருஷத்தில் சனி இரண்டு சுற்றும் குரு ஐந்து சுற்றும் ஏறக்குறைய முடித்து, பழைய ராசியிலோ அதற்கு அடுத்த ராசியிலோ வந்து நிற்பார்கள். உதவுவது ராகுதான். ராகுவின் சுற்று பதினெட்டரை வருஷத்துக்குச் சற்று மேல். அறுபது வருஷத்தில் மூன்று சுற்று முடிந்து ஏறக்குறைய மூன்று ராசி தள்ளிப்போயிருக்கும். ஜோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் இந்த ஒரு கட்டத்தை வைத்துத் தாத்தாவையும் பேரனையும் பிரித்துவிட முடியும். கொஞ்சம் பஞ்சாங்கம் தெரிந்த ஒருவரிடம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும்.

ஆட்களுக்கு எண் போடும் முறை ஒன்று ஐரோப்பாவில் 1590இல் மிக்கேல் ஐட்சிங்கர் என்பவர் அச்சிட்ட நூலிலிருந்து வழங்கி வருகிறது. நாம் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் அப்பா. அதோடு ஒன்று சேர்த்தால் அவர் அம்மா. இன்றைய மென்பொருள்களுக்கும் இந்த முறை தெரியும். நம் வீடுகளில் இதைப் போட்டுப் பாருங்கள். அக்காள் மகளைக் கட்டிய ஒருவரின் பிள்ளைக்கு அப்பா 2, அம்மா 3, அம்மாவைப் பெற்றவள் 7. அந்த 7 அப்பாவின் உடன்பிறந்தவள். அப்படியானால் அவளைப் பெற்ற 14உம் 15உம், அப்பாவைப் பெற்ற 4உம் 5உம் அதே இருவர். ஒரே கிழவர் ஒரு கணக்கில் தாத்தா, இன்னொரு கணக்கில் பூட்டன். மாமன் மகளைக் கட்டியிருந்தால் 10உம் 12உம் ஒருவர், 11உம் 13உம் ஒருவர். முன்னே சொன்ன சிக்கலில் இரண்டு பேர் ஒரு பெயருக்குள் ஒளிந்திருந்தார்கள். இங்கே ஒருவரே இரண்டு எண்ணில் நிற்கிறார். கொடி இங்கே விரிந்துகொண்டே போவதில்லை, திரும்பி வந்து தன்னையே பின்னிக்கொள்கிறது. இதற்காக எண் முறையைத் தூக்கி எறியவேண்டியதில்லை. ஒருவருக்கு ஒரே எண் என்று வைத்து, மற்ற எண் வரும் இடத்தில் இன்ன எண்ணைப் பார் என்று குறித்துவிட்டால் ஆயிற்று. அப்படிக் குறித்துக்கொண்டே போகும்போது எந்த இரண்டு வீடுகள் எத்தனை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்திருக்கின்றன என்பது தானாகவே எழுந்து வரும். சொத்து வெளியே போகாமல் பார்த்துக்கொண்ட கணக்கும் அதற்குள் இருக்கிறது. படிக்க வைக்கவேண்டிய பெண்ணைப் பதினாறு வயதில் மாமனுக்குக் கட்டிக்கொடுத்த கணக்கும் இருக்கிறது.

பெண்கள் நிலை இந்தத் தாள்களில் மிகவும் துயரமானது. கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டில் கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. வகையறாப் பட்டியலில் மகள் இல்லை, மருமகளும் இல்லை. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பின் புருஷன் பெயரின் எழுத்து, ஆக மு. லெட்சுமியும் சு. லட்சுமியும் ஒருத்திதான் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிறந்த வீட்டுப் பெண்களின் பெயரெல்லாம் ஊர், புருஷன் பெயர், வயதோடு முழுசாக வரிசையாகக் கிடைக்கும் தாள் ஒன்று உண்டு. விடுதலைப் பத்திரம். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1989இல் தமிழ்நாடு பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு கொடுத்தது. பங்கு உண்டு என்று ஆனதால் அதை வேண்டாம் என்று எழுதி வாங்கவேண்டிய தேவையும் வந்தது. அண்ணன் தம்பிகளுக்கு எங்கள் பாத்தியதையை விட்டுக்கொடுக்கிறோம் என்று கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்த பெண்கள் அந்தத் தாளில் முதன்முறையாகப் பெயரோடு நிற்கிறார்கள். தங்கள் பங்கை இழந்த இடத்தில்தான் அவர்கள் நமக்குக் கிடைக்கிறார்கள். எங்கள் வீட்டு அத்தைமார் ஐவர் பெயரையும் நான் அப்படி ஒரு தாளில்தான் ஒருசேரப் பார்த்தேன். ரேகை வைத்த இடத்தில் மை சற்று அழுந்திப் பரவியிருந்தது. பத்திர எழுத்தர் அதற்குக் கீழே, இது இன்னார் இடது பெருவிரல் ரேகை என்று தன் கையெழுத்தில் குறித்திருந்தார். ஆள் நோட்டில் அவர்களுக்குத் தனித்தனிப் பக்கம் வேண்டும். புருஷன் பக்கத்தின் ஓரத்தில் அவர்களை எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

இதுவரை சொன்ன தாள்களெல்லாம் நிலம் இருந்தவர்களுடையவை. பட்டாவும் பத்திரமும் இல்லாதவர்கள், பண்ணையில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் எங்கே தேடுவது? இங்கிலாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாளை நூறு வருஷம் ஆனதும் எல்லோரும் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள்; 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் வெளிவந்தது. நமக்கு அந்த வழி கிடையாது. தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் சிலருக்கு உதவும். கொடுமையான ஒரு திசையிலிருந்து இன்னொரு வழி திறக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கப்பல்வாரிப் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஆளுக்கு ஒரு எண். அந்த எண் வேறு யாருக்கும் கிடையாது. வேலை வாங்கவும் ஓடினால் பிடிக்கவும் போட்ட எண் அது. இன்றைக்கு டர்பனில் இருக்கும் பேரப்பிள்ளைகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வட ஆற்காட்டிலும் தஞ்சாவூரிலும் தங்கள் கிராமத்தைத் தேடி வருகிறார்கள். மொரீஷியசிலும் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இப்படிப்பட்ட பதிவேடுகள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படத்தோடு. ஊரில் தங்கியவர்களின் பெயர் எழுதப்படாமல் போன வீடுகளில், கப்பலேறிய தம்பி ஒருவனின் வரியில் அப்பா பெயரும் ஊரும் கிடைத்துவிடுவது உண்டு.

இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தும் தோணியிலும் போனவர்களுக்கு இந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் கங்காணியின் கணக்கில்தான் இருந்தார்கள். கடன் தீர்ந்ததற்கும் தீராததற்கும் அடையாளமாகக் கொடுத்த துண்டுச் சீட்டு அவர்களுக்கு இருந்த தாள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்ட பிறகு, மண்டபம் வழியாகத் திரும்பிய குடும்பங்களின் கையில் குடும்ப அட்டை வந்தது. நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் அந்த அட்டைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் எழுதிய வயதையும் உறவையும் இப்போதே படம் எடுத்து வைக்காவிட்டால் இன்னும் இருபது வருஷத்தில் செல்லரித்துவிடும்.

தாளைக் காப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். லேமினேட் செய்யக்கூடாது, செல்லோடேப் ஒட்டக்கூடாது, குண்டூசியை எடுத்துவிட வேண்டும். துரு முதலில் தின்பது பெயர் எழுதிய மூலையைத்தான். படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதலாம். ஓலை என்றால் எலுமிச்சைப்புல் எண்ணெய். வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்புகிறவர்களிடம் ஆவணமாக அனுப்பச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எழுத்து நசுங்கி வரும், எடுத்த தேதியும் தெரியாது. கணினியில் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில், பிறகு தாளின் வகை, ஊர், நோட்டில் போட்ட எண். ஆள் பெயர் அதில் வேண்டாம்.

நகல் எடுக்கும்போது அண்ணன் வீடு, தம்பி வீடு என்று இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அத்தை வீட்டுக்கும் ஒன்று போகவேண்டும். அவர்கள் வேறு வகையறா என்று வரி நோட்டு சொல்லலாம். ஆனால் நம் பூட்டன் அவர்களுக்கும் பூட்டன். அதோடு, அத்தை கல்யாணத்தில் எடுத்த படமும் அவளுக்குச் சீதனமாகப் போன பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரும் அந்த வீட்டில்தான் இருக்கின்றன. நகலைக் கொண்டுபோய்க் கொடுக்கிற அன்றைக்கே அவற்றைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, யார் கொடுத்தது என்று எழுதி, அடுத்த எண்ணைப் போட்டுவிடலாம்.